பின் அடித்த கவர்

அந்த ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்கள் டாக்டருக்குப் பயப்படுவதில்லை. டைப்பிஸ்ட் அக்காவுக்குத்தான் பயப்படுவார்கள். டாக்டர் இருட்டறைக்குள் உட்கார்ந்திருப்பார், அவர் குரல் மட்டும் வெளியே வரும். அக்கா வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பாள். டோக்கன் பதினாறைக் கூப்பிட்டு முடித்ததும் பதினெட்டு எழுந்து வந்தால், தலையை நிமிர்த்தாமலே, "ஏன், பதினேழு என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்பாள். பதினெட்டு பேசாமல் போய் உட்கார்ந்துவிடும்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. நாற்காலியின் சக்கரம் இரண்டு முறை மாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை. கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். இரண்டாவது கால் படியில் ஏறுவதற்குள் பஸ்ஸை எடுக்கிற டிரைவர், பேனாவை வாங்கிக்கொண்டு மூடியை மட்டும் திருப்பிக் கொடுக்கிறவர், குழாயை முழுசாக மூடாமல் போகிறவர், இவர்களில் ஒருவராவது தினமும் அவளிடம் மாட்டுவார். விதைக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு யாரு?" என்று கேட்பார். அவள் சொல்வாள். கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரிதான்" என்பார். அவளிடம் இருந்த தொல்லையே அதுதான். பெரும்பாலும் அவள் பக்கம் நியாயம் இருந்துவிடும். நியாயமில்லாத கோபக்காரர்களைக் கண்டுகொள்ளாமல் போய்விடலாம். இவளை அப்படி ஒதுக்க முடியாது.

ஆனால் அவள் வாழ்நாளில் செய்த பெரிய தப்பு கோபத்தில் செய்தது இல்லை. நிதானமாக யோசித்து, நல்லது என்று நினைத்துச் செய்தது.

சென்டர் சின்னது. ஒரு நீள அறையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். உள்ளே கட்டில், மிஷின், டாக்டர். வெளியே அக்காவின் மேஜை, கம்ப்யூட்டர், சூடேறினால் முனகுகிற பிரிண்டர், இருபது நாற்காலிகள். பலகையில் ஒரு சின்ன ஜன்னல். டாக்டர் வயிற்றின் மேல் கருவியை ஓட்டியபடியே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அக்கா இந்தப் பக்கம் அடித்துக்கொண்டே போவாள். கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணின் பிள்ளையைப் பற்றி, அவள் தலைக்கு மேலேயே, அவளுக்குப் புரியாத வார்த்தைகளில் பேச்சு போகும். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். யோசித்துப் பார்த்தால் இதைவிட மரியாதை கெட்ட காரியம் இருக்க முடியாது. தினமும் நாற்பது தடவை நடந்தால் எந்த மரியாதைக் கேடும் பழகிவிடும்.

அக்காவுக்கும் அந்த வார்த்தைகளின் எழுத்துதான் தெரியும், அர்த்தம் தெரியாது. வக்கீல் ஆபீசில் மனு அடித்துப் பழகிய கை. எவ்வளவு நீளமான வார்த்தையானாலும் ஓர் எழுத்து பிசகாது. டாக்டர் "நார்மல்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும் பக்கத்தைத் திறந்து, பெயரையும் அளவுகளையும் மாற்றி, மூன்று நிமிஷத்தில் கையில் கொடுத்துவிடுவாள். "நார்மல்" இல்லாத ரிப்போர்ட்டுகளில்தான் சிக்கல்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். பிள்ளையின் இதயத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அது நிறையப் பிள்ளைகளுக்கு இருப்பதுதான். இதயத்துக்குள் இருக்கும் சின்னத் தசையில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து சேர்ந்தால் ஸ்கேனில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வேறு கோளாறு எதுவும் இல்லாதபோது அந்தப் புள்ளியால் இதயத்துக்கு ஒரு கெடுதலும் கிடையாது. இதை எடுத்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். டாக்டர் அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை. ரிப்போர்ட்டில் ஒரு வரி அடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அந்தப் பெண் மாடிப்படியில் நின்று கவரைப் பிரித்து, போனில் அந்த வரியைத் தேடிப் பார்த்து, அங்கேயே மயங்கி விழுந்தாள். அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேர் வந்து வாசல் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள்.

"இதுக்குத்தான் சொல்றது, மாசமா இருக்கறவங்க கையில இந்த மாதிரி ரிப்போர்ட்டைக் குடுக்கவே கூடாது" என்றார் டாக்டர். தான் வாயைத் திறக்காததால் வந்த வினை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அக்கா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். அள்ளும்போதே யோசனை வந்தது. நார்மல் ரிப்போர்ட் என்றால் திறந்த கவர், அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடலாம். ஏதாவது வரி இருந்தால் கவரின் வாயை மடித்து இரண்டு பின் அடித்து, கூட வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். டாக்டர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லிவிடுவார். அழுகை, மயக்கம், ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. டாக்டருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "நீங்க இல்லன்னா இந்த சென்டரே இல்லக்கா" என்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இதில் ஒரு கொடுமை உண்டு. அதற்கு நான்கு வருடம் முன்னால் அவளுக்கே கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுக்கப் போகிறோம் என்று அவள் கணவரிடம் சொன்னார்கள், அவளிடம் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்து விஷயம் தெரிந்ததும் அவள் போட்ட சத்தத்தில் அந்த வார்டே எழுந்து உட்கார்ந்தது. "என் உடம்புல என்ன இருக்கு, என்ன இல்லன்னு ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். ஒரு மாதம் கணவரோடு பேசவில்லை. தனக்கு நடந்தபோது அநியாயம் என்று கொதித்தவள், தான் மற்றவர்களுக்குச் செய்தபோது அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று அவள் மண்டையில் ஏற ஒன்பது வருடம் ஆனது.

அதை ஏற்றியவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். லென்ஸை பிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். தலைப் பிள்ளை. டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில் அவள் அக்காவின் மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டாள்.

"நூலைப் போட்டுக் கட்டி வச்சிருக்கீங்களேக்கா, பாக்க சகிக்கல. இப்படிக் குடுங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அக்கா கடித்துக் குதறியிருப்பாள். இவள் கேட்ட விதத்தில் சிரித்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் கைப்பையிலிருந்து விரல் நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நூலை அறுத்தெறிந்து, ஒரு குட்டி ஆணியை முடுக்கி, தன் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். இரண்டு நிமிஷ வேலை.

பிறகு அவள் முறை வந்தது. உள்ளே போய்ப் படுத்தாள். டாக்டர் தலை, முதுகெலும்பு, வயிறு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இதயத்துக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. அந்த மௌனம் அக்காவுக்குப் பழக்கமானது. விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தபடி காத்திருந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, அடித்து வைத்திருக்கும் பக்கத்தில் இல்லாத வாக்கியங்கள் வந்தன. ரிப்போர்ட் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. அக்கா பிழையில்லாமல் அடித்து, மடித்து, இரண்டு பின் அடித்தாள். டாக்டர் லிப்ட் மெக்கானிக்கை வெளியே ஜெனரேட்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

அந்தப் பெண் வயிற்றைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வெளியே வந்து, மேஜை முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா."

அக்கா அந்தக் கைக்கு மேலாகவே கவரைக் கணவனிடம் கொடுத்தாள்.

"அவர்கிட்ட இருக்கட்டும்மா. நீ பாத்துப் படி இறங்கு."

"ஏன், என்னை நம்ப மாட்டீங்களா? தொலைச்சுடுவேனா?" என்று சிரித்துக்கொண்டே அவள் போனாள்.

பதினான்கு வாரம் கழித்து, பிள்ளையின் வளர்ச்சி பார்க்கிற ஸ்கேனுக்கு அவள் மறுபடி வந்தாள். கடையில் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வயிறு பெரிதாகி, மூச்சு வாங்கியது. கணவன் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். அக்கா வழக்கப்படி பழைய ரிப்போர்ட்டைக் கேட்டாள். அவள் கொடுத்த பையில் ஒரே ஒரு தாள் இருந்தது. அடியில் "பக்கம் ஒன்று, மொத்தம் இரண்டு" என்று அச்சிட்டிருந்தது.

"ரெண்டாவது பக்கம் எங்கம்மா?"

"ஒரு பக்கம்தானேக்கா குடுத்தீங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இதயத்துக்குத் தனியா ஸ்கேன் எடுத்தீங்களா?"

"அது எதுக்கு? எல்லாம் நல்லாருக்குன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாராமே. இவர்தான் வந்து சொன்னாரு."

"பிரசவம் எங்க பாக்கறதா இருக்கீங்க?"

"எங்க தெருமுனையிலதான். வலி வந்தா நடந்தே போயிருவேன். என் நாத்தனார் ரெண்டு பிள்ளையும் அங்கதான் பெத்தாங்க."

அந்த இடத்தை அக்காவுக்குத் தெரியும். நான்கு கட்டில், ஒரு நர்ஸ், கூப்பிட்டால் வருகிற டாக்டரம்மா. அங்கேயும் இவள் கணவன் இந்த ஒற்றைத் தாளைத்தான் காட்டியிருப்பான். மொத்தம் இரண்டு பக்கம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் ஒருத்தரும் அடுத்த பக்கம் எங்கே என்று கேட்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கண் எதற்குக் கொடுத்திருக்கிறது என்று அக்காவுக்கு எரிச்சல் பொங்கியது.

கம்ப்யூட்டரில் பழைய ரிப்போர்ட்டைத் திறந்தாள். இரண்டாம் பக்கத்தில் அவளுக்குப் புரியாத ஏழெட்டு வார்த்தைகள். ஆனால் கடைசி வரி புரிந்தது. இரண்டு வாரத்துக்குள் இதய ஸ்கேன் எடுக்க வேண்டும், குழந்தைகளுக்கு இதய சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அவளே அடித்த வரி. இன்னும் ஐந்து வாரத்தில் இந்தப் பெண் தெருமுனைக்கு நடந்து போய்விடுவாள்.

மெக்கானிக் படியேறி வந்தான். அக்கா எழுந்து போய் வாசலிலேயே மறித்தாள்.

"தம்பி, ரெண்டாம் பக்கத்தை என்ன பண்ணே?"

அவன் முகம் செத்துவிட்டது. "மெதுவா பேசுங்கக்கா. அவளுக்குத் தெரியாது."

"எங்க வச்சிருக்கேன்னு கேட்டேன்."

"என் டூல்ஸ் பையில, அடியில. டாக்டரே பிறந்ததுக்கு அப்புறம்தான் ஆபரேஷன்னு சொன்னாரு. அப்புறம்தானே, இப்பவே சொல்லி அவளை எதுக்கு அழ வைக்கணும்னு நெனச்சேன். எங்க அக்காவும் சொல்ல வேண்டாம்னுட்டாங்க. பிறந்ததும் நானே தூக்கிட்டு ஓடிருவேன். வண்டிகூடச் சொல்லி வச்சிருக்கேன்."

பதினான்கு வாரமாக அவன் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சட்டை தோளில் தொங்கியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவுக்குப் பாவம் பார்க்க நேரமில்லை.

"லிப்ட் ரிப்பேர் பண்றவன்தானே நீ? ஆள் உள்ள மாட்டினதுக்கு அப்புறம்தான் கயிறைப் போய்ப் பாப்பியா?"

அக்கா அவனை விட்டுவிட்டு நேரே உள்ளே போனாள். ஒரு ஸ்கேன் முடிந்து டாக்டர் கை துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"நான் அன்னைக்கே தெளிவா சொல்லிட்டேனேக்கா. எழுதியும் குடுத்தாச்சு. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொன்னதுக்கு அப்புறம் அது அவங்க குடும்ப விஷயம்."

"சொல்ல வேண்டியவங்கன்னா யாரு டாக்டர்? வயிறு யாரோடது?"

"சத்தம் போடாதீங்க. அந்தாளை மறுபடி கூப்பிட்டுச் சொல்லிடலாம்."

"அவன்கிட்ட சொல்லித்தான் பதினாலு வாரம் போச்சு. நீங்க வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

"வெளியில இருபது பேர் உக்காந்திருக்காங்க. இங்க மயக்கம் போட்டா யாரு பதில் சொல்றது? உங்க வேலை டைப் பண்றது, அதைப் பாருங்க. நீங்களா போய் அவங்ககிட்ட ஏதாவது உளறினீங்கன்னா, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

"சரி, வரல" என்றாள் அக்கா.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் அச்சடித்தாள். கவரில் போடவில்லை. தாளை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"இது அன்னைக்கு உனக்கு வர வேண்டியது. உன் பிள்ளையோட இதயத்துல ஒரு கோளாறு தெரிஞ்சுது. உன்கிட்ட யாரும் சொல்லல. கடைசி வரியைப் படி."

அவள் படித்தாள். முதல் தடவை வேகமாக, இரண்டாம் தடவை விரலை வைத்து. மயக்கம் போடவில்லை, அழவில்லை. தலையைத் தூக்கிக் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். எல்லாம் அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"மேல இருக்கறதுக்கெல்லாம் என்னக்கா அர்த்தம்?" என்று அக்காவிடம் கேட்டாள்.

அக்கா அந்த வரிகளைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம், எத்தனை ஆயிரம் ரிப்போர்ட். ஒரு வரிக்குக் கூட அர்த்தம் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"தெரியாதும்மா. எனக்கு அடிக்கத்தான் தெரியும்" என்றாள். பலகையில் இருந்த ஜன்னலை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். "டாக்டர்! இந்தப் பொண்ணு கேக்குது. வந்து பதில் சொல்லுங்க. நீங்க வர்ற வரைக்கும் அடுத்த டோக்கன் உள்ள வராது."

இருபது நாற்காலியும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. டாக்டர் வந்தார். வேறு வழி இல்லாமல்தான் வந்தார். ஆனால் வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, தாளைத் திருப்பிப் போட்டு பேனாவை எடுத்த பிறகு, அவருக்கும் சொல்ல வரத்தான் செய்தது.

"இதயத்துல இருந்து ரெண்டு பெரிய குழாய் கிளம்பும்மா. ஒண்ணு நுரையீரலுக்கு ரத்தம் கொண்டு போகும், இன்னொண்ணு உடம்புக்கு. சாதாரணமா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு குறுக்கே தாண்டிப் போகும். உங்க பிள்ளைக்கு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நேரா போகுது. அதாவது, இடம் மாறிக் கிளம்புது."

"நான் ஏதாவது தப்பாச் சாப்பிட்டதாலயா? கடையில பாலிஷ் தூள் மூச்சுல போனதாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் காரணமே தெரியாது. இதயம் உருவாகும்போதே இப்படி ஆயிடுது."

"இப்ப உள்ள கஷ்டப்படுதா?"

"இல்ல. இப்ப அதுக்கு வேண்டியது எல்லாம் உங்க ரத்தத்துல இருந்து வருது. நல்லாத்தான் வளரும். பிறந்து, தானே மூச்சு விட ஆரம்பிச்சதும்தான் பிரச்சனை. சுத்தமான ரத்தம் உடம்புக்குப் போகாம நுரையீரலையே சுத்திச் சுத்தி வரும். பிள்ளை நீலமாயிரும்."

"எவ்வளவு நேரத்துல?"

"சில பிள்ளைங்க ஒரு நாள் தாங்கும். சில பிள்ளைங்க ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனாலதான் மருந்தோட ஆள் பக்கத்துலயே நிக்கணும். நின்னாங்கன்னா, முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிக் குழாயை மாத்தி வச்சிருவாங்க. அப்படிப் பண்ணின பிள்ளைங்க பெரும்பாலும் நல்லா ஓடியாடி வளருதுங்க."

"எங்க தெருமுனையில?"

டாக்டர் பேனாவை மூடினார். "அங்க எதுவும் கிடையாதும்மா. பெரிய ஆஸ்பத்திரி இங்கிருந்து நாலு மணி நேரம்."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. இந்த ஆறு நிமிஷத்தை அன்றைக்கே கொடுத்திருந்தால் இதற்குள் அந்தப் பெண் மூன்று தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருப்பாள். ஆறு நிமிஷத்தை மிச்சம் பிடித்து இவர்கள் என்ன கோட்டையைக் கட்டினார்கள் என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கோட்டைக்குக் கல் எடுத்துக் கொடுத்தவள் தான்தான் என்று நினைத்தபோது இன்னும் எரிந்தது.

மெக்கானிக் மெல்ல மனைவியின் பக்கத்தில் வந்தான். "எங்க அக்காவும் வேண்டாம்னாங்க, வண்டிக்காரர்கிட்டகூடச் சொல்லி வச்சிருக்கேன். நீ பயந்துடுவேன்னுதான்..."

"பயந்தா பயந்துட்டுப் போறேன்!" என்று அவள் கத்தினாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. "பயந்துகிட்டாவது சரியான வாசல்ல போய் நின்னிருப்பேன்ல? தினமும் ராத்திரி என் வயித்துல கை வச்சு, உதைக்குது, உதைக்குதுன்னு சிரிச்சீங்களே. எப்படிங்க சிரிச்சீங்க? உங்க அக்காவுக்குத் தெரியும், உங்க வண்டிக்காரருக்குத் தெரியும், இவங்களுக்குத் தெரியும். சுமக்கறவளுக்குத் தெரியக் கூடாதா?"

அவன் அங்கேயே அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"அன்னைக்கு உங்க முன்னாடிதானேக்கா நின்னேன். கையை நீட்டினேன். என் கைக்கு மேல கொண்டு போய் அவர்கிட்ட குடுத்தீங்க. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றாள் அக்கா. சென்டர் வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் உத்தரவு என்றும் சொல்லியிருக்கலாம். "அந்த வழக்கத்தைக் கொண்டு வந்ததே நான்தான்" என்றாள்.

அந்தப் பெண் எழுந்தாள். வந்த வேலையை முடிக்க வேண்டும் என்று உள்ளே போய்ப் படுத்தாள். டாக்டர் கருவியை எடுத்ததும், "அந்தத் திரையை இந்தப் பக்கம் திருப்புங்க. என் பிள்ளையை நானும் பாக்கறேன்" என்றாள். அவர் திருப்பினார். அன்றைக்கு வாக்கியங்கள் எல்லாம் அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்லப்பட்டன. அக்கா அவற்றை அப்படியே அடித்தாள்.

கடைசியில் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே போக வேண்டும், அங்கேயே பக்கத்தில் தங்கிப் பிரசவம் பார்க்க வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்து, பழக்க தோஷத்தில் அதை லிப்ட் மெக்கானிக்கிடம் நீட்டினார்!

அந்தப் பெண் கையை மட்டும் நீட்டினாள். டாக்டர் கடிதத்தை அந்தக் கையில் வைத்தார்.

மறுநாள் காலை அக்கா எப்போதும் போல வேலைக்கு வந்தாள். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது என்றுகூட டாக்டருக்குத் தெரியாது. அவள் உட்காருவதற்கு முன்னால் நிபந்தனை போட்டாள். எந்த ரிப்போர்ட்டும் வயிற்றுக்குச் சொந்தக்காரி கையில்தான் போகும். நார்மல் இல்லாத ரிப்போர்ட் என்றால் டாக்டர் அவள் எதிரில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் பிரிண்டர் ஓடும். யாரைக் கூட வைத்துக்கொள்வது என்பதை அவளே சொல்ல வேண்டும். டாக்டர் முணுமுணுத்தார். "கூட்டம் சேரும்" என்றார். கூட்டம் சேரத்தான் செய்தது. தாமதம் என்று ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு மாமியார், "எங்க வீட்டுப் பொண்ணுக்கு எங்ககிட்ட கேக்காம எப்படிச் சொல்லலாம்?" என்று மேஜையைத் தட்டினார். சண்டை போடுவதற்கு அக்காவுக்கு ஆள் கிடைக்காமல் போனதே இல்லை, இப்போது காரணமும் கிடைத்துவிட்டது.

அது அவள் மனதை ஆற்றவில்லை. ஒன்பது வருடத்தில் எத்தனை கவர்களில் பின் அடித்தோம் என்று யோசிக்க ஆரம்பிப்பாள். அதில் எத்தனை இரண்டாம் பக்கம் எந்தெந்தப் பையின் அடியில் கிடந்ததோ, எத்தனை பெண்கள் எந்தெந்தத் தெருமுனைக்கு நடந்து போனார்களோ. யாரும் திரும்பி வந்து அவளிடம் சொல்லப் போவதில்லை. அந்த யோசனை வந்தால் எழுத்துப் பிழை வரும். பத்தொன்பது வருடத்தில் இல்லாத பிழை.

பதினோரு வாரம் கழித்து, கூட்டமான ஒரு காலை வேளையில், சென்டர் போன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

"கண்ணாடிக் கடையில இருந்து பேசறேன்க்கா. ஞாபகம் இருக்கா?"

"சொல்லும்மா. பிள்ளை?"

"இருக்கான். பத்தாம் நாள் ஆபரேஷன் பண்ணாங்க. வீட்டுக்கு வந்துட்டோம். பால் குடிக்கறான், கத்தறான்." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். "உங்களுக்கு போன் பண்ணி நன்றி சொல்லுன்னு இவர் சொல்லிக்கிட்டே இருக்காரு. நான் அதுக்குப் பண்ணல."

"தெரியும்மா."

"பிறந்து நாப்பதாவது நிமிஷம் நீலமாயிட்டான்க்கா. சுத்தி நாலு டாக்டர் நின்னாங்க, உடனே மருந்து ஏத்திட்டாங்க. எங்க வீட்டுல இருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம். நாப்பது நிமிஷம், நாலு மணி நேரம். தினமும் ராத்திரி இதையே கணக்குப் போட்டுகிட்டு உக்காந்திருக்கேன். பிள்ளை மூச்சு விடறானான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். உங்க மேல எனக்கு வர்ற கோவம் அடங்கவே மாட்டேங்குது. யாருகிட்டயும் சொல்ல முடியல. எல்லாரும், அதான் பிள்ளை நல்லாருக்கேங்கறாங்க."

"என்கிட்ட சொல்லு" என்றாள் அக்கா.

அவள் சொன்னாள். மெதுவாக ஆரம்பித்து, போகப் போகக் குரல் ஏறி, வாய்க்கு வந்தபடி திட்டினாள். டோக்கன் பன்னிரண்டு எழுந்து வந்து மேஜை முன்னால் நின்று, "எவ்வளவு நேரம்தாங்க போன்லயே?" என்று கேட்டது. அக்கா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். பிரிண்டர் சூடேறி முனகியது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பெண் திட்டி முடித்து அவளாகவே வைக்கும் வரை கேட்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.